அலாய் வீலில் கீறல் விழாமல் டயர் மாற்றுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 19 அங்குல அலாய் வீல்களில் 35 சீரிஸ் (பக்கச்சுவர் உயரம் குறைந்த) டயர்களை மாற்றிய பிறகு, ரிம்மின் வெளிவிளிம்பில் பிறை போல ஒரு கீறல் தெரிகிறது. எப்படி விழுந்திருக்கும்?

பதில்: கீறலின் வடிவமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சம இடைவெளியில் நான்கு சிறு தழும்புகள் இருந்தால், வீலைப் பிடித்திருந்த இயந்திரத் தாடைகள் பதிந்திருக்கின்றன என்று பொருள். விளிம்போடு வளைந்து ஓடும் கீறல் என்றால், டயரை ஏற்றி இறக்கும் இயந்திரத் தலை ரிம்மில் உரசியிருக்கிறது. உங்களுடையது இந்த வகைதான். அந்தத் தலைக்கும் ரிம்முக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தலையின் பிளாஸ்டிக் உறையும் தேயாமல் இருக்க வேண்டும். ஆனால் இவை இரண்டும் சரியாக இருந்தும் கீறல் விழுவதுண்டு. டயரின் பீட்டுக்குள், அதாவது ரிம்மில் அமரும் உள்விளிம்புக்குள், எஃகுக் கம்பிச் சுற்று இருப்பதால் அது நீளாது. ஒருபுறம் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கினால்தான், மறுபுறம் விளிம்பைத் தாண்டுவதற்கு இடம் கிடைக்கும். உயரம் குறைந்த டயரின் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால், இயந்திரத்தின் துணைக் கையால் அழுத்தினாலொழிய பீட் பள்ளத்தில் தங்காது. இறங்காத பீட் நாண் போல இறுகி, இயந்திரத் தலையை ரிம்மோடு சேர்த்து இழுக்கிறது. அந்த இறுக்கம் தெரிந்ததும் சுழற்சியை நிறுத்தி, சற்றுப் பின்னோக்கித் திருப்பி, பீட்டை மீண்டும் பள்ளத்தில் இறக்குபவரே நல்ல மெக்கானிக். அப்படியே சுழற்றி முடித்துவிடுபவரிடம் ரிம்மும் கீறும், பீட்டும் கிழியலாம்.

கேள்வி: மெக்கானிக் வீலின் முகப்பைக் கீழாகக் கவிழ்த்து வைத்து டயர் மாட்டினார். அது தவறில்லையா?

பதில்: எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. நடுப்பள்ளம் எந்த விளிம்புக்கு அருகில் இருக்கிறதோ, அந்த விளிம்பு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும் என்பதே விதி. சில வீல்களில் பள்ளம் பின்விளிம்பை ஒட்டி அமைந்திருக்கும். அவற்றைக் கவிழ்த்துதான் மாட்ட முடியும். அப்போது வீலை அதன் மையத் துளை வழியாகப் பிடித்து, ரப்பர் பட்டையின் மேல் அமர்த்தும் இயந்திரமே பாதுகாப்பானது. தாடை இயந்திரம்தான் உண்டென்றால், பிளாஸ்டிக் உறைகளை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். உறைக்குள் பதிந்த ஒரு மணல் துகள் போதும், முகப்பின் பூச்சில் கோடு இழுத்துவிடும்.

கேள்வி: சோப்பு நீர் போதுமா?

பதில்: டயர் மாட்டுவதற்கென்றே உள்ள பசையையோ கரைசலையோ பயன்படுத்துங்கள், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். இரு பீட்களிலும், ரிம் விளிம்பிலும், பள்ளத்தின் சரிவிலும் தாராளமாகத் தடவ வேண்டும். ஆற்றல் மிகுந்த கார்களுக்கு ஓர் எச்சரிக்கை: மசகு காய்வதற்கு முன் வேகமாகக் கிளப்பினாலோ பலமாகப் பிரேக் போட்டாலோ, டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்து, பேலன்ஸிங் கெட்டுவிடும். ஒரு நாளாவது நிதானமாக ஓட்டுங்கள்.

கேள்வி: டயர் மாட்டிய பிறகும் கீறல் விழுமா?

பதில்: விழும். நட்டுகளை முடுக்கும்போது வெற்று இரும்பு சாக்கெட் நட்டுக்குழியின் சுவரில் உரசும். பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய சாக்கெட்டையும், சரியான அளவு இறுக்கத்தைக் காட்டும் டார்க் ரெஞ்சையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பேலன்ஸிங்குக்காக விளிம்பில் அடித்துப் பொருத்தும் எடைகளைத் தவிர்த்து, உட்புறம் ஒட்டும் எடைகளையே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறு கீறல்தானே, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கடைந்து பளபளப்பாக்கிய முகப்பு என்றால் விடாதீர்கள். மேற்பூச்சு உடைந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, லாக்கர் என்னும் அந்த மேற்பூச்சுக்கு அடியில் வெண்ணிற நூலிழைகளாக அரிப்பு பரவும். அரிப்பு முற்றினால் முகப்பை மறுபடியும் கடைய வேண்டும். ஒவ்வொரு கடைசலும் உலோகத்தைக் குறைப்பதால் அதைச் சில தடவைக்கு மேல் செய்ய இயலாது. கீறலை உடனே சுத்தம் செய்து, உலர்த்தி, லாக்கர் பூசி மூடிவிடுங்கள்.