நிரந்தரவாசிக்கு வாக்கு உண்டா? கேள்வி பதில்

செங்காங் வாசகி: 14 வருடமாக நிரந்தரவாசி. மகன் தேசிய சேவையும் முடித்துவிட்டான். பொதுத் தேர்தலில் எனக்கு ஏன் வாக்கு இல்லை?

அக்கா, உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் இங்கே சிங்கப்பூரில் சட்டம் 21 வயது நிரம்பிய குடிமக்களை மட்டுமே வாக்காளராக ஏற்கிறது. எத்தனை வருடம் இருந்தோம், எவ்வளவு வரி கட்டினோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. குடியுரிமை வாங்குவது ஒன்றே வழி. அதற்கு இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இரு நாடுகளுமே விடுவதில்லை.

யீஷூன் தம்பி: குடிமகன் அல்லாதவர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கும் நாடு இருக்கிறதா?

இருக்கிறது, தம்பி. நானே வாக்களித்திருக்கிறேன். 2017 செப்டம்பரில் இந்தியக் கடவுச்சீட்டோடு வெல்லிங்டனில் இருந்தேன். வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை. பட்டியலில் என் பெயரைத் தேடி எடுத்து, கோடு போட்டுவிட்டு வாக்குச்சீட்டை நீட்டினார் ஓர் அம்மா. அதில் கட்சிக்கு ஒரு டிக், தொகுதி வேட்பாளருக்கு ஒரு டிக். எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது.

நியூசிலாந்தில் 1975 முதலே இப்படித்தான்: நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் ஒரு வருடத் தொடர் வாசமும் போதும். ஆனால் வேட்பாளராக நிற்கக் குடிமகனாக இருக்க வேண்டும். வாக்களிக்க சிலியில் 5 வருட வாசம் வேண்டும், மலாவியில் 7, உருகுவேயில் 15.

ஐரோப்பாவில் எப்படி?

பெரும்பாலும் உள்ளாட்சியோடு சரி. அயர்லாந்தில் அங்கே குடியிருந்தாலே போதும். சுவீடனில் 3 வருடம், நெதர்லாந்தில் 5. ஜெர்மனியில் இரண்டு மாநிலங்கள் கொண்டுவந்த சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1990ல் ரத்து செய்தது. 'மக்கள்' என்றால் ஜெர்மானியக் குடிமக்கள்தான் என்பது அதன் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருவிளக்கும் பள்ளிக்கூடமும் அங்கே வாழும் எல்லாருக்கும் பொதுதானே?

ஆசியாவில் தென்கொரியா 2006லேயே உள்ளாட்சித் தேர்தலைத் திறந்துவிட்டது. நிரந்தரவாச விசா பெற்று 3 வருடம் ஆகியிருந்தால் போதும்.

லண்டனில் படிக்கப்போகும் சிங்கப்பூர் மாணவி: எனக்கு அங்கே வாக்கு உண்டாமே?

உண்டும்மா. பிரிட்டனில் முறையான விசாவோடு வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள், 18 வயதானால், பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இத்தனை வருடம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் ஒன்று. வேறொரு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையைப் பயன்படுத்தும் சிங்கப்பூரரின் குடியுரிமையைப் பறிக்க நம் அரசியலமைப்பின் 135ஆம் பிரிவு இடம் தருகிறது. பிரிட்டனின் வாக்கு அந்நாட்டவருக்கு மட்டும் உரியதல்ல. என்றாலும் பெயர் பதியும் முன் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஜூரோங் ஐயா: நிரந்தரவாசியான எனக்கு இங்கே வாக்கு இல்லையென்றால், என் இந்திய வாக்காவது மிஞ்சுமா?

மிஞ்சும், ஐயா. படிவம் 6ஏ நிரப்பிக் கடவுச்சீட்டில் உள்ள ஊரில் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் தபாலில் போட முடியாது. வாக்குப்பதிவு நாளில் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வாக்குச்சாவடிக்கே போக வேண்டும். ஆகவே தேர்தல் தேதி அறிவித்த அன்றே திருச்சிக்கு டிக்கெட் பார்த்துவிடுங்கள்.