டார்வினின் குருவிகளை எந்தக் குடும்பத்தில் எழுதுவது?

கேள்வி: சாவகச்சேரியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கண்காட்சிக்காகப் பிள்ளைகள் கலாபகசுத் தீவுகளின் தரை ஃபிஞ்சுகளை, அதாவது டார்வினின் குருவிகளில் ஒரு பிரிவைப் பற்றிப் பதாகை செய்கிறார்கள். அவை அடங்கும் ஜியோஸ்பைசா சாதியை (genus) ஒரு புத்தகம் பிரிஞ்சிலிடே என்கிறது, இன்னொன்று எம்பெரிசிடே, இணையத்தில் த்ராப்பிடே. எதை எழுதுவது?

பதில்: த்ராப்பிடே என்றே எழுதச் சொல்லுங்கள். அது டனேஜர் எனப்படும் அமெரிக்கப் பறவைகளின் குடும்பம். மற்ற இரண்டும் சொண்டை முதன்மையாக வைத்துப் பிரித்த காலத்துப் பெயர்கள். 1837இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜோன் கூல்ட் இந்தச் சாதிக்குப் பெயரிட்டபோது அவர் முன் இருந்தவை டார்வினின் பயணத்தில் சேர்ந்த பாடம் செய்த உடல்கள்தான். கூம்புச் சொண்டைக் கண்டதும் ஃபிஞ்ச் என்று கொள்வது அன்றைக்கு இயல்பு.

ஆனால் விதை உடைக்கும் பறவைக்கு அப்படியொரு சொண்டு எந்தக் குடும்பத்திலும் வரலாம். நெல் முற்றும்போது வயலில் இறங்கும் சில்லை, கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி, முற்றத்துச் சிட்டுக்குருவி மூன்றுக்கும் சொண்டு ஏறக்குறைய ஒரே மாதிரி. குடும்பமோ மூன்று.

சொண்டு எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு ஜியோஸ்பைசாவே சாட்சி. கலாபகசின் டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீற்றர் கிரான்ற், றோஸ்மேரி கிரான்ற் தம்பதி 1973 தொடக்கம் இந்தக் குருவிகளைப் பிடித்து, அளந்து, காலில் வளையமிட்டு வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோக, நெருஞ்சிச் சாதிச் செடியொன்றின் முள்ளுக்காய்கள் மிஞ்சின. நம் ஒழுங்கைகளில் காலில் குத்தும் நெருஞ்சிக்கு அது நெருங்கிய உறவு. காய்ந்த நெருஞ்சிக்காய் ஒன்றை நகத்தால் பிளக்கச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். அதை உடைக்க வல்ல பெரிய சொண்டுக்காரரே கூடுதலாகப் பிழைத்தனர். அடுத்த தலைமுறையின் சொண்டும் பெருத்தது. ஒரு வறட்சிக்கே அசைகிற உறுப்பை மட்டும் நம்பி உறவு சொல்லக் கூடாது.

டி.என்.ஏ. ஒப்பீடுதான் இடத்தைக் காட்டியது. இவற்றின் நெருங்கிய உறவினர் கிராஸ்குயிட் எனப்படும் சிறு விதைதின்னிகள். வளைந்த மெல்லிய சொண்டால் தேன் குடிக்கும் பனானாகுயிட்டும் அதே கிளையில்தான் வருகிறது. பதாகையில் ஜியோஸ்பைசாவுக்குப் பக்கத்தில் பனானாகுயிட்டின் படத்தையே ஒட்டுங்கள், சிட்டுக்குருவி வேண்டாம். டனேஜர் என்ற பெயரை மட்டும் பார்த்தும் படம் தேட வேண்டாம்: வட அமெரிக்காவின் செந்நிற டனேஜர் இப்போது கார்டினல் குடும்பத்தில் இருக்கிறது.

பழைய குடும்பப் பெயர்கள் இரண்டையும் 'முன்னர்' என்று குறித்துக் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள். பழைய புத்தகத்தோடு வருகிற பெற்றோர் கேட்டால் பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள்.