காப்பிக் கொட்டையை ஃப்ரீசரில் வைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வறுத்த காப்பிக் கொட்டையைக் குளிரில் வைத்துப் பாதுகாப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, கொட்டை வறுத்து விற்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): எங்கள் வீட்டில் காப்பிக் கொட்டையை எப்போதும் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில்தான் வைப்போம். அது தவறு என்கிறாள் என் மருமகள். யார் சொல்வது சரி?

பதில்: மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. வறுத்த கொட்டையைக் கெடுப்பவை ஆக்சிஜன், ஈரம், வெப்பம், வெளிச்சம் ஆகிய நான்கும். ஃப்ரிட்ஜ் இவற்றில் கடைசி இரண்டைக் குறைக்கிறது, ஈரத்தையோ கூட்டிவிடுகிறது. வறுத்த கொட்டையில் மிஞ்சியிருக்கும் நீர் மிகக் குறைவு, எடையில் சில விழுக்காடுதான். ஆகவே பொரித்த அப்பளத்தைப் போல அதுவும் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து நமுத்துப் போகும். அதோடு அது நுண்துளைகள் நிறைந்த பொருள் என்பதால், பக்கத்தில் இருக்கும் நறுக்கிய வெங்காயத்தின் வாடையையும் நேற்றைய சாம்பாரின் வாடையையும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய கேடு, டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கும்போது நேர்கிறது. 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில், காற்று ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். உங்கள் கொட்டையோ 5 டிகிரியில் இருக்கிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று அதைத் திறந்து மூடி உள்ளே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒவ்வொரு முறையும் கொட்டையின் மேல் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிடும் அளவென்றால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரியில் வையுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): குடகுக்குப் போனபோது 2 கிலோ வறுத்த பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) வாங்கி வந்துவிட்டோம். வீட்டில் இருவர்தான். ஃப்ரிட்ஜ் கூடாது என்றால் ஃப்ரீசர் மட்டும் எப்படிச் சரியாகும்?

பதில்: ஃப்ரீசர் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரியில் இயங்குகிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வேதிமாற்றங்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான ஒரு கணக்கு. அதன்படி பார்த்தால், 30 டிகிரி அலமாரியில் நடக்கும் மாற்றம் ஃப்ரீசரில் 20 மடங்குக்கும் மேல் மெதுவாக நடக்க வேண்டும். எல்லா மாற்றங்களும் இந்தக் கணக்குக்கு ஒரே சீராகக் கட்டுப்படுவதில்லை என்றாலும், மணத்தைத் தரும் ஆவிப்பொருள்கள் வெளியேறுவதும் கொட்டையிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் பெரிதும் தள்ளிப்போகின்றன என்பதில் ஐயமில்லை. ஃப்ரீசரோடு ஒப்பிட்டால் ஃப்ரிட்ஜில் இந்த ஆதாயம் சிறியது, தொல்லையோ முழுமையாக வந்து சேர்கிறது. அதனால்தான் ஒன்றை வேண்டாம் என்றும் மற்றதைச் சரி என்றும் சொல்கிறேன்.

ஆனால் 2 கிலோவையும் ஒரே பையில் போட்டு, நாள்தோறும் எடுத்துத் திறப்பதாக இருந்தால் ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜைப் போலவே கெடுதல் செய்யும். ஒரு வாரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அந்த அளவில் சிறு பைகளாகப் பிரியுங்கள். தடித்த ஜிப் பைகள் போதும். காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். காற்றை உறிஞ்சி ஒட்டும் கருவி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பைகளையும் ஒரு பெரிய டப்பாவுக்குள் அடுக்கி, ஃப்ரீசரின் உட்புறத்தில், கதவிலிருந்து விலக்கி வையுங்கள். ஒரு பையை இரவே வெளியே எடுத்து வைத்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான், அதாவது மறுநாள் காலையில்தான், திறக்க வேண்டும். பையின் வெளிப்புறம் வியர்த்திருக்கும்; அதைத் துடைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் கொட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை திறந்த பை மறுபடி ஃப்ரீசருக்குள் போகக் கூடாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் மூன்று நான்கு மாதம் தாராளமாக நல்ல காப்பி குடிக்கலாம்.

கேள்வி (சேலம்): காய்கறியை உறைய வைத்தால் குழைந்து போகிறதே, கொட்டைக்கு அப்படி ஆகாதா? கண்ணாடிச் சீசாவில் வைத்தால் வெடிக்குமா?

பதில்: காய்கறி குழைவதற்குக் காரணம் அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகி உயிரணுச் சுவர்களைக் கிழிப்பதுதான். வறுத்த கொட்டையில் அப்படி உறைவதற்கான நீரே இல்லை. சீசாவும் வெடிக்காது, ஆனால் விளிம்புவரை நிரப்புங்கள், மேலே காற்றுக்கு இடம் விட வேண்டாம்.

கேள்வி (மதுரை): வறுத்த அன்றே ஃப்ரீசரில் வைக்கலாமா, சில நாள் பொறுக்க வேண்டுமா?

பதில்: வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உருவாகி அங்கேயே தங்குகிறது. எடைக் கணக்கில் அது ஏறத்தாழ 1 விழுக்காடு. கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், ஒரு கிலோ கொட்டையிலிருந்து 5 லிட்டருக்கு மேல் வாயு வெளியேறக்கூடும் என்று பொருள். புதிதாக வறுத்த கொட்டையை அடைத்த பை உப்புவதும், கடைப் பைகளில் ஒருவழி வால்வு வைப்பதும் இதனால்தான். குளிரில் இந்த வெளியேற்றமும் மெதுவாகிவிடுகிறது. ஆகவே வறுத்த அன்றே உறைய வைத்தால், வெளியே எடுத்தபின் அந்தக் கொட்டை புதிதாக வறுத்ததைப் போலவே நடந்துகொள்ளும். டிகாஷனில் நுரை மிகுந்து, சாறு இறங்குவது சீராக இல்லாமல் போகலாம். நான்கைந்து நாள், கருக வறுத்ததென்றால் இரண்டு மூன்று நாள், வெளியில் வைத்து, குடித்துப் பார்த்து, சுவை உங்களுக்குப் பிடித்த நிலைக்கு வந்ததும் உறைய வைப்பதே என் பரிந்துரை. வால்வு உள்ள பையை அப்படியே வைப்பதானால் வால்வின் மேல் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): நாங்கள் கடையில் சிக்கரி கலந்து அரைத்த தூளைத்தான் வாங்குகிறோம். அதையும் இப்படி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஐயா, பலன் குறைவு. அரைத்த நொடியிலேயே கொட்டையின் உட்பரப்பு முழுவதும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தெருவை மணக்கச் செய்தது உங்கள் டம்ளருக்கு வந்திருக்க வேண்டிய மணம். சிக்கரியோ ஈரத்தைக் கண்டால் உடனே கட்டிபிடிக்கும் பொருள். நம் நாட்டுச் சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் மீதி முழுவதும் சிக்கரியாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தூளாக வாங்குபவர்கள் 200 கிராம், 250 கிராமாக அடிக்கடி வாங்குவதே மேல். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் கொடுத்தனுப்பும் வீடுகளுக்கு மட்டும், மேலே சொன்னபடி சிறு பைகளாக்கி ஃப்ரீசரில் வைப்பது பயன்படும்.

கேள்வி (பெங்களூரு): உறைந்த கொட்டையை அப்படியே அரைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: அதற்கு ஆய்வின் ஆதாரம் உண்டு. கிறிஸ்டோபர் ஹெண்டனும் பிறரும் 2016இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறை வெப்பம், ஃப்ரீசர், உலர்பனி (உறைந்து திடமான கரியமில வாயு), மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜன் என நான்கு நிலைகளில் கொட்டையை வைத்து அரைத்துப் பார்த்ததில், குளிர் கூடக்கூடத் தூள் நுண்மையாகவும், துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் அமைந்தன. சுவை சீராக இறங்குவதற்கு இது உதவும். நமது பித்தளை, எவர்சில்வர் பில்டர்களில் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: தூள் வழக்கத்தைவிட நுண்மையானால் துளைகள் அடைத்து டிகாஷன் இறங்காமல் நிற்கும். அரைக்கும் கருவியில் ஒரு படி பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தேவைக்கு மட்டும் பொட்டலம் கட்டி வைப்பவர்களுக்கே இந்த முறை பொருந்தும்; எடுத்த கையோடு மொத்தத்தையும் அரைத்துவிட வேண்டும்.

கேள்வி (தேனி): எங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போகிறது. உருகி மறுபடி உறைந்தால் கெட்டுவிடுமா?

பதில்: பை மூடியே இருந்தால் அச்சமில்லை. உருகுவதற்கு அதில் பனி இல்லை.

கேள்வி (கீழ்ப்பழனி மலை): எங்களுடையது சிறு தோட்டம். வறுக்காத பச்சைக் கொட்டையையும் குளிரில் வைக்கலாமா?

பதில்: அமெரிக்காவில் ஜார்ஜ் ஹவல் என்பவர் பச்சைக் கொட்டையைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து உறைய வைத்து, ஆண்டுகள் கடந்தும் சுவை மாறாமல் வறுக்கலாம் என்று செய்து காட்டிவருகிறார். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 விழுக்காடு வரை ஈரம் உண்டு. அந்த அளவு மாறாமல் நிற்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. மங்களூர்ப் பக்கம் பருவக்காற்றின் ஈரத்தில் வேண்டுமென்றே ஊதவிட்டு ‘மான்சூன்டு மலபார்’ என்று விற்பது தனிக் கலை. வீட்டுச் சாக்கில் தானாக ஈரம் ஏறினால் அந்தச் சுவை வராது, பூஞ்சைதான் வரும். உங்கள் மலையின் குளிர்ச்சி போதுமானது. உட்புறம் காற்றுப் புகாத உறையிட்ட சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, அடுத்த அறுவடைக்குள் விற்றுவிடுங்கள். ஃப்ரீசர் மின்கட்டணத்துக்கு ஈடாகும் விலை எல்லாக் கொட்டைக்கும் கிடைப்பதில்லை.

கேள்வி (திருச்சி): காய்ச்சிய டிகாஷனை ஃப்ரிட்ஜில் வைப்பது பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: மூடி வைத்தால் மறுநாள் காலைவரை குடிக்கத் தகுந்ததாக இருக்கும், அவ்வளவுதான். சூடாகவே வைத்திருந்தால் அமிலம் கூடிப் புளிப்பு ஏறுவதால், இறங்கியதும் ஆறவிட்டு உள்ளே வையுங்கள். சூடு செய்யும்போது டிகாஷனைக் கொதிக்க விடாமல், பாலை மட்டும் காய்ச்சி அதில் சேருங்கள்.