பாஸ்கெட்பால் நடுவர் பார்ட்னரின் ஏரியாவில் (கூட இருக்கும் நடுவர் பார்த்துக்கொள்ள வேண்டிய பகுதியில்) நடக்கும் ஃபவுலுக்கு விசில் ஊதலாமா?

ஊதலாம். ஆனால் ஊதுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பார்ட்னர் அதைப் பார்த்தும் ஊதாமல் விட்டாரா, அல்லது அவரால் பார்க்கவே முடியவில்லையா?

நீங்கள் மாவட்டப் போட்டிகளில் இப்போதுதான் ஊத ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ ஒரு சீனியர் முறைத்திருப்பார். எனக்கும் நடந்தது.

ஒரு அரையிறுதி. நான் டிரெயில், அதாவது ஆட்டத்துக்குப் பின்னால் வரும் நடுவர்; எண்ட்லைனில் பார்ட்னர் லீட், அதாவது முன்னால் போய்க் கூடைப் பக்கம் நிற்பவர். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தை, எடுத்த பையன் முழங்கையை வேகமாக வீசித் திரும்பினான். பின்னால் நின்றவனுக்கு வாயிலேயே பட்டது. லீட் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நெட்டையான சென்டர் பிளேயரின் முதுகுதான் தெரியும். எனக்கோ இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடைவெளி முழுதாகத் தெரிந்தது. ஒரு மூச்சு பொறுத்தேன். அங்கிருந்து விசில் வரவில்லை. ஊதினேன். அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அதாவது முரட்டுத்தனமான ஃபவுல்: அடிபட்டவன் அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. "அது என் ஏரியா சார்" என்று பார்ட்னர் எல்லார் முன்னாலும் கோபப்பட்டார். அடிபட்ட பையனுக்கு உதடு கிழிந்திருக்கிறது. அதை விட்டிருந்தால் ஆட்டம் கைகலப்பில் முடிந்திருக்கும். இன்றைக்கும் அதே விசிலை ஊதுவேன்.

விதிப் புத்தகத்தோடு சிலர் வருவார்கள். ஒரு நடுவர் தன் கடமைக்குள் எடுத்த முடிவை இன்னொருவர் ரத்து செய்யவோ கேள்வி கேட்கவோ கூடாது என்று ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதி சொல்வது எனக்கும் தெரியும். கண்ணிலேயே படாத ஒன்றைப் பற்றி அவர் என்ன முடிவு எடுத்திருப்பார்? அதுவே அவர் பக்கத்தில் நின்று பார்த்து, லேசான உரசல் என்று விட்டதை நீங்கள் தூரத்திலிருந்து ஊதினால் தப்புதான். மூன்று செகண்ட் (எதிரணிக் கூடைக்கடியில் அதிக நேரம் நிற்பது), டிராவல் (பந்தைத் தட்டாமல் நடப்பது), கையில் பட்ட சின்னத் தட்டல், இதற்கெல்லாம் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 1988-89 சீசனிலிருந்து மூன்று நடுவர்கள். நம்மூர்ப் போட்டிகள் பலவற்றில் 28 மீட்டர் கோர்ட்டை இன்னும் இரண்டு பேர்தான் ஓடி ஓடிப் பார்க்கிறோம். மூன்றாவதாக எதிர்ப்பக்கம் ஒருவர் நின்றால் இந்தச் சண்டையில் பாதி வராது. கேட்டால் பணமில்லை என்பார்கள். பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் முன்பணம் போய்விடும், எங்கள் சம்பளக் கவர் மட்டும் ஃபைனல் முடிந்த ராத்திரி, அதுவும் கேட்டு நின்றால்தான் வரும். ஆட்டத்துக்கு முன் இரண்டு நடுவர்களும் உட்கார்ந்து பேசப் பத்து நிமிடம்கூடத் தருவதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். "என் கண்ணுக்கு மறைந்தால் நீங்கள் ஊதுங்கள்" என்று பார்ட்னர் வாயால் முன்பே சொல்ல வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஊதியதும் நின்ற இடத்திலிருந்தே கை காட்டாதீர்கள். ஃபவுல் நடந்த இடத்துக்கு ஓடிப் போய்ச் சைகை காட்டுங்கள். நடுக்கோட்டில் நின்றுகொண்டு காட்டினால் சரியான ஃபவுலையும் எந்தக் கோச்சும் ஏற்க மாட்டார்.