மருத்துவமும் வேண்டாம், அவசரக் கையெழுத்தும் வேண்டாம்

ஹூஸ்டன் புறநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில் இடக்கை பிட்சர், அதாவது பந்து வீசுபவன். பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஆடும் ஓர் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நியூ ஜெர்சி பெரியப்பா, மருத்துவத்தோடு சேர்ந்த எட்டாண்டுப் படிப்பில் போடச் சொல்கிறார். அப்பாவோ, அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வந்தால் உடனே கையெழுத்துப் போடலாம் என்கிறார்.

உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. இதற்குமேல் ஆறுதல் சொல்லப் போவதில்லை.

உயிரியல் புத்தகத்தைத் தொடவே பிடிக்காதவன், பந்து சுழலும் விதத்தை நோட்டு நிறையக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு மருத்துவம்? பெரியப்பாவுக்குக் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்ள ஒரு பேச்சு கிடைக்கும். கடனையும் வட்டியையும் அவர் கட்டப்போவதில்லை. இந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

அப்பாவின் அவசரமும் ஆபத்தானதுதான். டிராஃப்டில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசுவதில்லை. அதற்குக் கீழே மைனர் லீக்கில் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள், மொத்தம் 120 அணிகள்; அவற்றில் ஊர் ஊராக மாறி, பஸ்ஸிலேயே இளமை கழிந்துவிடும். மைனர் லீக் வீரர்களுக்கென 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகும் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சிங்கிள்-ஏயில் 26,200 டாலர், டிரிபிள்-ஏயில் 35,800 டாலர் என்றுதான் தொடங்கியது. முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றால் ஓராண்டுக்கு மேல் பந்தையே மறக்க வேண்டும்.

அப்பா பிட்சர் ரிச் ஹில்லைச் சொல்லுவார், தெரியும். அவரும் இடக்கையர். 2015-இல், 35 வயதில், எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்கு வீசினார். 2016 டிசம்பரில் மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸ் அவருக்கு 3 ஆண்டுக்கு 4.8 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய பிறகே கையெழுத்திட்டவர். அதை அப்பா சொல்லமாட்டார்.

உங்கள் வீட்டுப் பேச்சில் வராத வழி ஒன்று உண்டு: இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரி. முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கும் சான் ஜசின்டோ கல்லூரியில் வீசியவர்கள்தான் மேஜர் லீக்கில் பெயர் பெற்ற பிட்சர்கள் ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும். 1981-இல் கிளெமென்ஸை மெட்ஸ் அணி டிராஃப்டின் 12-ஆம் சுற்றில் எடுத்தது. அவர் கையெழுத்திடாமல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1983-இல் ரெட் சாக்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயது ஆகும்வரை, டிராஃப்டுக்குத் தகுதி இல்லை. இரண்டாண்டுக் கல்லூரி மாணவனை ஒவ்வோர் ஆண்டும் எடுக்கலாம். நல்ல விலை வராவிட்டால் மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம். படிப்பும் வீணாகாது: டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுப்பை முழுதாக முடித்தால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்க வேண்டும். கல்லூரிக்கு வரி கட்டும் எல்லைக்குள் குடியிருந்தால் கட்டணம் இன்னும் குறைவு. இரண்டாண்டுக் கல்லூரிகளில் முதல் பிரிவில் ஆடும் அணிகள் தங்குமிடம் உட்பட முழு உதவித்தொகையும் தர முடியும். கணக்குப் பாடங்களில் புள்ளியியலை எடுக்கச் சொல்லுங்கள், அறிவியலுக்கு இயற்பியல். ஒவ்வொரு பந்தின் சுழற்சியையும் கருவி வைத்து அளக்கும் இந்தக் காலத்தில், தோள் ஓய்ந்தாலும் அந்த நோட்டுக் கணக்குக்கு வேலை இருக்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மைதானத்தின் அழகைப் பார்க்காதீர்கள். போன வருடம் முதலாமாண்டு பையன்களை எத்தனை இன்னிங்ஸ் வீச விட்டார்கள், எத்தனை பேருக்கு முழங்கை போனது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

இந்த ஜூலையிலேயே டிராஃப்டில் பெயர் வந்தால்? கையெழுத்திட்டுவிட்டால் கல்லூரி பேஸ்பால் முடிந்தது. எனவே பின்னாளில் படிப்புச் செலவை அணியே ஏற்கும் பிரிவை, தொகையோடு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆட்டத்தை விட்ட 2 ஆண்டுக்குள் கல்லூரியில் சேராவிட்டால் அந்தப் பணம் கைநழுவிப்போகும் என்பதைப் பையனுக்கும் சொல்லிவையுங்கள். தொகை எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பெரியப்பாவுக்கு யார் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய தம்பியே சொல்லட்டும்.