புயலில் உடைந்த ஆற்றுக்கரையைக் கட்ட ஊராரிடம் எதற்காகக் கேட்க வேண்டும்?

கரை கட்டுவது பொறியாளர் வேலை, ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே உடையும் என்று தெரியும்!

2009 மே மாதம் ஐலா புயல் தாக்கியபோது, வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில், கரை சூழ்ந்த 32ஆம் எண் தீவில் கரை பல இடங்களில் உடைந்தது. பழைய ஓடைகளின் வாயை அடைத்துக் கட்டிய இடங்களே முக்கியமாகப் பலவீனமாக இருந்தன. ஓடை எங்கே ஓடியது என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் கைகாட்ட முடியும். இறால் பண்ணைக்கு உப்புநீர் எடுக்கக் கரையைத் துளைத்துக் குழாய் போட்டவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். (அதைச் சொல்ல வைப்பது தனிக் கலை.)

அடுத்தது நிலம். ஆறு அரிக்கும் இடத்திலேயே கட்டினால் மறுபடியும் போய்விடும். உள்ளே தள்ளிக் கட்டினால் யாரோ ஒருவரின் வயல் போகும். இழப்பீட்டை முதலில் பேசாவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

மூன்றாவது ஆள்பலம். 2020இல் அம்பன் புயலுக்குப் பின், அதே மாவட்டத்தின் கொய்ராவில் கரையைச் சரிசெய்யத் திரண்ட ஊரார் பெருநாள் தொழுகையை முழங்கால் அளவு நீரில் நின்று தொழுதார்கள். ஓதம் (கடலோடு சேர்ந்து ஆற்றில் ஏறி இறங்கும் நீர்) வடிந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் மண்ணைப் போட்டாக வேண்டும். ஏறிவிட்டால் போட்டதும் கரைந்துவிடும்.