டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழகங்களைப் பார்க்கப் போகலாமா?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நீங்கள், டிசம்பர் கடைசியில் தனியாகக் காரோட்டிப் போய்ப் பல்கலைக்கழகங்களையும் பிறகு நண்பர்களையும் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள்; எழுதிய பேராசிரியர்களிடமிருந்து பதில் வரவில்லை என்கிறீர்கள். பயண வரிசையை மாற்றுங்கள்: டிசம்பர் இறுதியில் நண்பர்களின் வீடுகள், வகுப்புகள் தொடங்கியபின் ஜனவரி பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள்.

நீங்கள் எழுதிய பேராசிரியர்கள் பதிலளிக்காததற்குக் குளிர்கால விடுமுறையே காரணமாக இருக்கக்கூடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டிசம்பர் நடுவில் தேர்வுகள் முடிந்ததும் ஜனவரி நடுப்பகுதிவரை துறைகள் வெறிச்சோடிக் கிடக்கும், ஆய்வு மாணவர்கள் பலர்கூட ஊருக்குப் போயிருப்பார்கள். (பேராசிரியரைவிட அவர்களிடம் பேசுவதே அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.)

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியிலும் வசந்தப் பருவத்தின் (ஜனவரியில் தொடங்கும் பருவம்) முதல் வகுப்பு நாளைப் பார்த்துவிட்டு, துறையில் முதுநிலைப் படிப்புகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு மாற்றுத் தேதிகளுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். தனியாக ஓட்டுவதால், பனிப்புயலுக்கென்று ஒரு நாள் உபரியாக இருக்கட்டும்.

ஆனால், விண்ணப்பங்கள் பரிசீலனையில் இருக்கும்போது சில துறைகள் விண்ணப்பதாரர்களைச் சந்திப்பதில்லை. முனைவர் பட்டப் படிப்புக்குத் தேர்வானவர்களைப் பல துறைகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தாமே அழைத்து, பயணச் செலவையும் ஏற்பதுண்டு.